பூக்காத ஆர்க்கிட்டைப் பூக்க வைப்பது எப்படி: சமவெளி வீடுகளுக்கான வழிகாட்டி

பூவோடு வாங்கி வந்தோம், அந்தப் பூ உதிர்ந்ததோடு சரி, ஒன்றரை வருடமாக இலைதான் விடுகிறது, என்ன உரம் போடலாம்? புதிதாக ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். நான் திருப்பிக் கேட்பது இரண்டு: எந்த ஆர்க்கிட்? எங்கே வைத்திருக்கிறீர்கள்? பூக்காமல் நிற்கும் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு உரத்தில் குறையே இருக்காது. டென்ட்ரோபியமாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை. ஃபெலனாப்சிஸாக இருந்தால் குளிர்ச்சி கிடைக்கவில்லை. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் உரத்தை ஊற்றினால் வேர்தான் கருகும்.

நான் சென்னையில் மாடி வீட்டு பால்கனியில் வளர்க்கிறேன். அதனால் இங்கே எழுதுவது சென்னை, திருச்சி, மதுரை, யாழ்ப்பாணம் போன்ற வெயில் ஊர்களுக்கு நன்றாகப் பொருந்தும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்களுக்குக் கதை வேறு. அங்கே வெளிச்சம், நீர் பற்றிய பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வேலை: உங்களிடம் இருப்பது எது?

அடியிலிருந்து கரும்பு போலக் கணுக்கணுவாகத் தண்டுகள் நிமிர்ந்து வளர்ந்தால் அது டென்ட்ரோபியம். ஒவ்வொரு வருடமும் அடியில் புதுத் தண்டு முளைக்கும். தண்டின் நுனிப் பக்கத்திலிருந்து பூந்தண்டு வளைந்து வரும். நம் ஊர் நர்சரிகளில் ஊதாவும் வெள்ளையுமாக விற்கும் 'சோனியா' இந்த வகைதான்.

தண்டே கண்ணுக்குத் தெரியாமல், அகலமான தடித்த இலைகள் நாலைந்து மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருபுறமும் விரிந்திருந்தால் ஃபெலனாப்சிஸ். அந்துப்பூச்சி போன்றது என்று பொருள்படும் இந்தக் கிரேக்கப் பெயரை 1825இல் வைத்தவர் கார்ல் புளூம். பரிசாகக் கொடுக்க அலங்காரச் சட்டியில் வைத்து விற்பதும் பெரும்பாலும் இதுதான்.

ஒற்றைத் தண்டு மேலே மேலே வளர, பட்டை போன்ற இலைகள் இரு வரிசையாக இருந்து, வேர்கள் கயிறு போலத் தொங்கினால் வாண்டா. அடியில் தட்டையான குமிழ்களும், மேலே சிறு சிறு மஞ்சள் பூக்களும் என்றால் ஆன்சிடியம். இவை இரண்டும் வெளிச்ச விஷயத்தில் டென்ட்ரோபியத்தின் கட்சி.

வாங்கும்போதே தவிர்க்க வேண்டியவையும் உண்டு. புல் போல நீண்ட இலைகள் கொண்ட சிம்பிடியத்துக்குப் பூ வைக்க இரவில் 10 முதல் 15 டிகிரி குளிர் வேண்டும். டென்ட்ரோபியத்திலேயே 'நோபிலே' என்றொரு வகை இருக்கிறது. தண்டு முழுக்க, கணுவுக்குக் கணு பூக்கும். அது இமயமலை அடிவாரத்துச் செடி. குளிரும் வறட்சியும் சேர்ந்த ஓய்வுக் காலம் கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். இந்த இரண்டும் சென்னையில் பூக்கவில்லையென்றால் உங்கள் கவனிப்பில் எந்தக் குறையும் இல்லை. மலைப்பக்கம் இருக்கும் உறவினர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அங்கே அது சந்தோஷமாக இருக்கும்.

இன்னொன்று, செடியின் வயது. ஆர்க்கிட் விதை தூசி போலிருக்கும். இயற்கையில் ஒரு பூஞ்சையின் துணையில்லாமல் அது முளைக்காது. அதனால் வணிகத்துக்கு வருபவை ஆய்வகக் குப்பிகளில், திசு வளர்ப்பில் உருவானவை. மலிவாகக் கிடைக்கிறதே என்று விரல் நீளச் செடியை வாங்கியிருந்தால், அது பூக்கவே இரண்டு மூன்று வருடம் ஆகும். டென்ட்ரோபியத்தில் ஒரு எளிய அளவுகோல் சொல்கிறேன்: புதுத் தண்டு பழைய தண்டைவிட உயரமாகவும் தடிமனாகவும் வந்தால் செடி சரியான வழியில் போகிறது. வருடத்துக்கு வருடம் தண்டு குட்டையாகிக்கொண்டே வந்தால் ஏதோ குறை இருக்கிறது, தேட வேண்டும்.

இரண்டாவது: வேரைப் பாருங்கள்

வேர் கெட்ட செடி பூக்காது. செடியை மெல்ல உருவிப் பாருங்கள். நல்ல வேர் காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறத்தில் இருக்கும், நனைத்தவுடன் பச்சையாகும், அழுத்தினால் கெட்டியாக இருக்கும். பழுப்பாகி, அழுத்தினால் நீர் கசிந்து, தோல் மட்டும் கையோடு வந்தால் அது அழுகிவிட்டது. ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் அதை வெட்டிவிட்டு, மறுநாள்வரை நிழலில் உலரவிட்டு, புதிதாக நடுங்கள்.

எதில் நடுவது? மண்ணில் மட்டும் வேண்டாம். இவை மரக்கிளைகளில் தொற்றி வளர்ந்தவை; வேருக்கு ஈரத்தைவிடக் காற்று முக்கியம். அடுப்புக்கரித் துண்டும் உடைந்த ஓட்டுத் துண்டும் சம அளவில் கலந்தால் டென்ட்ரோபியத்துக்குப் போதும். ஃபெலனாப்சிஸுக்குக் கொஞ்சம் தேங்காய் மட்டைத் துண்டு சேர்க்கலாம். மட்டையை மூன்று நான்கு நாள் நீரில் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றி, சாயம் இறங்கிய பிறகே பயன்படுத்துங்கள். அதிலுள்ள உப்பும் துவர்ப்பும் வேரைக் காயப்படுத்தும். சட்டி பக்கவாட்டில் துளைகள் உள்ளதாக, வேர் கொள்ளும் அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும். பெரிய சட்டியில் நடுப்பகுதி காயவே காயாது.

பரிசாக வந்த ஃபெலனாப்சிஸை ஒருமுறை கட்டாயம் உருவிப் பாருங்கள். வேர்களின் நடுவே பஞ்சு போன்ற பாசி இறுக்கமாக அடைத்திருக்கும். குளிர் நாட்டுப் பசுமைக் கூடங்களுக்கு அது பொருந்தும். நம் புழுக்கத்தில் வேரை அழுகவைக்கும். பூ முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது: வெளிச்சம்

என் முதல் டென்ட்ரோபியம் இரண்டு வருடம் பூக்கவில்லை. கரும்பச்சை இலைகளோடு கொழுகொழுவென்று, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. பால்கனியின் உள்சுவரை ஒட்டி வைத்திருந்தேன். கிழக்குப் பார்த்த பால்கனிதான், ஆனால் வெயில் கைப்பிடி வரைதான் வந்தது. செடியைக் கைப்பிடிக்கு மாற்றினேன். அங்கே காலை ஏழு மணியிலிருந்து பத்தரை வரை நேர் வெயில். ஒரு மாதத்தில் இலை மஞ்சள் கலந்த பச்சையானது, நோயோ என்று பயந்தேன். அடுத்து வந்த தண்டில் பூந்தண்டு வந்தது. வேறு எதையும் நான் மாற்றவில்லை.

அந்தக் கரும்பச்சை, வெளிச்சம் போதாத செடியின் நிறம். கிடைக்கிற கொஞ்ச ஒளியைப் பிடிக்கப் பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. டென்ட்ரோபியம், ஆன்சிடியம், வாண்டா மூன்றிலும் நமக்கு வேண்டியது இளம்பச்சை, புது நெல் நாற்றின் நிறம் என்று சொல்லலாம். ஃபெலனாப்சிஸுக்கு அதைவிட ஒரு படி கூடுதல் பச்சை சரி.

நம் கண் வெளிச்சத்தை மிகைப்படுத்திக் காட்டும். நமக்குப் பளிச்சென்று தெரியும் ஹாலில், ஜன்னலிலிருந்து நாலடி தள்ளி அளந்து பாருங்கள். பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான் இருக்கும் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). ஃபெலனாப்சிஸுக்குச் சுமார் 10,000 முதல் 15,000 லக்ஸ் வேண்டும், டென்ட்ரோபியத்துக்கு அதன் இரண்டு மடங்கு. உச்சி வெயில் ஒரு லட்சத்தைத் தொடும். கைப்பேசியில் ஒளி அளக்கும் செயலி இருந்தால் துல்லியமாக இல்லாவிட்டாலும் ஒரு கணக்குக் கிடைக்கும். அதுவும் வேண்டாமென்றால், பகல் பதினொரு மணி வாக்கில் இலைக்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். நிழலின் ஓரம் கத்திபோலத் தெளிவாக விழுந்தால் வாண்டாவுக்கு ஏற்ற இடம். கை என்று அடையாளம் தெரிகிற அளவுக்கு மங்கலாக விழுந்தால் ஃபெலனாப்சிஸை வைக்கலாம். டென்ட்ரோபியம் இரண்டுக்கும் நடுவில். நிழலே விழவில்லையென்றால் அந்த இடத்தில் எந்த ஆர்க்கிட்டும் பூக்காது.

மொட்டை மாடி இருப்பவர்கள் 50 சதவீத நிழல் வலை கட்டி அதன் கீழ் டென்ட்ரோபியத்தை வையுங்கள். இடம் மாற்றும்போது பதற்றம் வேண்டாம்: இரண்டு மூன்று வாரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு நகர்த்துங்கள். நிழலில் வளர்ந்த இலையை ஒரே நாளில் சித்திரை வெயிலில் வைத்தால் வெந்துபோகும். வெளுத்து, பிறகு கருத்துக் காய்ந்த திட்டு விழும், அது ஆறாது. இலையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பைத் தாண்டிச் சுட்டால் வெயில் அதிகம்.

சிங்கப்பூர், மலேசிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூர் 1981இல் தேசிய மலராக அறிவித்த 'வாண்டா மிஸ் ஜோக்கிம்' கொடியை நீங்கள் வைத்திருந்தால், முழு வெயிலில், கொம்பு நட்டு ஏற்றுங்கள். தண்டின் தலை அந்தக் கொம்பைத் தாண்டி வெட்டவெளிக்கு வந்த பிறகுதான் அது பூக்கும். உயரமான கொம்பாக நட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

நான்காவது: ஃபெலனாப்சிஸுக்குக் குளிர்ச்சி

டென்ட்ரோபியம் மட்டும் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஃபெலனாப்சிஸ் வெப்பநாட்டுச் செடி, நம் வெயிலைத் தாங்கி நன்றாக இலையும் விடும். ஆனால் பகல் வெப்பம் 28, 29 டிகிரிக்கு மேலேயே இருந்தால் பூந்தண்டு விடாமல் இலை விடுவதிலேயே இருந்துவிடும். நாலைந்து வாரம் தொடர்ந்து சுமார் 26 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இலையிடுக்கில் உறங்கும் மொட்டு விழிக்கும். வணிகத்துக்கு வளர்ப்பவர்கள் பசுமைக் கூடத்தையே குளிரூட்டி, வேண்டிய மாதத்தில் பூக்கவைப்பது இந்தச் சூட்சுமத்தால்தான்.

'இரவில் மட்டும் குளிர்ந்தால் போதும்' என்று பலர் சொல்வார்கள். அதை நம்பி ஏசி படுக்கையறையில் இரவில் வைத்து, பகலில் 33 டிகிரி பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போவதில் பெரிய பலன் இல்லை. பகல் வெப்பம்தான் முக்கியம்.

பெங்களூரில் இருப்பவர்களுக்குக் கவலையில்லை. டிசம்பர், ஜனவரி தானாகவே அந்தக் குளிரைக் கொடுத்துவிடும். சென்னையில் அந்த மாதங்களில் இரவு 20, 21 டிகிரிக்கு இறங்கினாலும் பகல் 29 வரை ஏறுகிறது. ஆகவே நமக்குக் கிடைப்பது ஒரு சிறிய வாய்ப்பு, கார்த்திகைக் கடைசியிலிருந்து தை முடிய. மழை மேகம் மூடிய நாட்களில் பகலும் 26ஐ ஒட்டி நிற்கும். அந்தச் சமயத்தில் செடியை வீட்டின் மிகக் குளிர்ந்த, ஆனால் வெளிச்சமுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். வடக்குப் பார்த்த ஜன்னல், தரைத்தளம், சுற்றிலும் மரம் உள்ள தாழ்வாரம் எல்லாம் நல்ல இடங்கள். கான்கிரீட் தளத்தின் மேல் வைக்காதீர்கள். அது வாங்கிய வெப்பத்தை மாலை முழுவதும் கக்கும்.

இதைவிட நிச்சயமான வழி ஒன்று உண்டு. பகல் முழுக்க 24 டிகிரியில் ஏசி ஓடும் அலுவலகத்தில் உங்கள் மேசை ஜன்னலை ஒட்டி இருந்தால், செடியை அங்கே கொண்டுபோங்கள். சமவெளியில் மறுபடி பூத்ததாக நான் பார்த்த ஃபெலனாப்சிஸ்களில் பாதி அலுவலக ஜன்னலோரச் செடிகள். காற்று நேரே படாத பக்கம் வையுங்கள். ஏசி காற்று வறண்டது என்பதால், நீர் ஊற்றிய கூழாங்கல் தட்டின் மேல் சட்டியை நிறுத்தலாம். சட்டியின் அடி நீரில் முங்கக் கூடாது.

ஐந்தாவது: நீர்

காலையில் ஊற்றுங்கள், மாலைக்குள் இலை உலர்ந்திருக்க வேண்டும். கரியும் ஓடும் நிரப்பிய டென்ட்ரோபியத்துக்குக் கோடையில் தினமும், குளிர்மாதங்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஃபெலனாப்சிஸுக்கு வேர் வெள்ளியாக மாறிய பிறகு. தொங்கும் வாண்டா வேர்களை தினமும், பச்சையாகும்வரை நனைக்க வேண்டும்.

ஃபெலனாப்சிஸின் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் செடியே அழுகிப் போகலாம். டிஷ்யூ பேப்பரின் முனையால் ஒற்றி எடுங்கள். ஐப்பசி அடைமழைக்கு அதைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

சென்னையின் போர்வெல் நீர் பல பகுதிகளில் உப்பு. வேர் நுனி கருகி, கரித்துண்டின் மேல் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். மழைநீரைப் பிடித்து வையுங்கள். ஆர்க்கிட்டுக்கு அதைவிட நல்ல நீர் இல்லை. இல்லாவிட்டால் ஆர்.ஓ. குடிநீர். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரைச் சேமித்துச் செடிக்கு ஊற்றும் பழக்கம் நல்லதுதான், ஆனால் ஆர்க்கிட்டுக்கு ஊற்றாதீர்கள். உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இணையத்தில் 'குளிர்காலத்தில் டென்ட்ரோபியத்துக்கு நீரை நிறுத்துங்கள்' என்று படித்திருப்பீர்கள். அது நோபிலேக்கான யோசனை. சோனியா வகைக்குக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

ஆறாவது: உரம்

19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள) கரையும் உரம், லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை. முதலில் வெறும் நீரால் வேரை நனைத்துவிட்டு, பிறகு உரநீர். மாதம் ஒருமுறை சட்டியிலிருந்து நீர் வழிந்தோட அலசிவிடுங்கள். தழைச்சத்து அதிகமுள்ள உரத்தைப் புதுத் தண்டு வளரும் மாதங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; முதிர்ந்த தண்டுக்கும் அதையே ஊற்றினால் பூ வர வேண்டிய கணுவில் குட்டிச்செடி வரும். மணிச்சத்து கூடுதலான 'பூ உரம்' வாங்குவது உங்கள் விருப்பம். வெளிச்சமில்லாத இடத்தில் அது எதையும் செய்யாது. அரிசி கழுவிய நீர், மோர் இவையெல்லாம் தோட்டத்து மண்ணுக்குப் போகட்டும். கரித்துண்டுகளுக்கு நடுவே அவை புளித்து, எறும்பையும் பூஞ்சையையும் கூப்பிடும்.

பூந்தண்டு வந்த பிறகு

ஃபெலனாப்சிஸில் இலையிடுக்கில் ஒரு முனை எட்டிப் பார்க்கும். வேரா, பூந்தண்டா? வேரின் நுனி உருண்டையாக, வழவழப்பாக, பளபளக்கும். பூந்தண்டின் நுனி சற்றுத் தட்டையாக, கட்டைவிரல் தனியே தெரியும் கையுறை போலிருக்கும். ஒரு வாரம் பொறுத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அன்றிலிருந்து சட்டியைத் திருப்பாதீர்கள். தண்டு ஒளியைப் பார்த்து வளைகிறது. திருப்பித் திருப்பி வைத்தால் பூக்கள் ஆளுக்கொரு திசையில் நிற்கும். ஒரு மெல்லிய குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். முனை தெரிந்த நாளிலிருந்து முதல் பூ விரிய ஃபெலனாப்சிஸுக்கு மூன்று மாதம்கூட ஆகலாம், டென்ட்ரோபியத்துக்கு ஒன்றரை, இரண்டு மாதம்.

மொட்டு மஞ்சளாகி உதிர்வதுதான் இந்தக் கட்டத்தின் பெரிய துயரம். வேர் ஒரேயடியாகக் காய்ந்தாலும், ஏசி காற்று நேரே அடித்தாலும், சட்டியை இடம் மாற்றினாலும் உதிரும். பலர் நினைத்தே பார்க்காத காரணம் பழம். பழுக்கும் வாழையும் மாம்பழமும் எத்திலீன் வாயுவை விடுகின்றன. அது மொட்டை வாடவைக்கும். மாம்பழக் கூடை இருக்கும் அறையில் மொட்டு வைத்த ஆர்க்கிட்டை வைக்காதீர்கள். சென்னையில் ஃபெலனாப்சிஸ் மொட்டு விரிவதும் மாம்பழம் வீட்டுக்கு வருவதும் ஏறத்தாழ ஒரே காலம் என்பதால் சொல்கிறேன்.

மாவுப்பூச்சி வந்தால் காதுகுடையும் பஞ்சை ஸ்பிரிட்டில் தொட்டுத் துடைத்தெடுங்கள். நத்தைகளை இரவில் விளக்கு வைத்துத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரே இரவில் பூந்தண்டின் நுனியைத் தின்றுவிடும்.

பூ முடிந்ததும்

டென்ட்ரோபியத்தில் காய்ந்த பூந்தண்டை மட்டும் வெட்டுங்கள். இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் பழைய தண்டைக் 'காய்ந்துவிட்டது' என்று வெட்டுவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அது பச்சையாக, கெட்டியாக இருக்கும்வரை புதுத் தண்டுக்கான உணவுக் கிடங்கு; அதிலிருந்தே மறுபடி பூவும் வரலாம். சுருங்கிப் பழுப்பான பிறகு எடுக்கலாம்.

ஃபெலனாப்சிஸ் வலுவாக, நாலைந்து நல்ல இலைகளோடு இருந்தால், பூந்தண்டை அடியிலிருந்து மூன்றாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்தக் கணுவிலிருந்து கிளைத்து இன்னொரு முறை சில பூக்கள் பூக்கக்கூடும். இலை துவண்டிருந்தால் ஆசைப்படாமல் அடியோடு வெட்டிச் செடிக்கு ஓய்வு கொடுங்கள்.

சட்டி மாற்ற வேண்டியிருந்தால் இதுதான் நேரம், ஆனால் இன்னும் ஒரு படி பொறுங்கள். டென்ட்ரோபியத்தின் அடியில் புதுமுளை வந்து, அதன் வேர் ஓர் அங்குலம் நீளட்டும். அப்போது மாற்றினால் அந்த வேர் நேராகப் புதுக்கரியைப் பற்றிக்கொள்ளும். மாற்றிய தேதியைச் சட்டியின் விளிம்பில் பெயிண்ட் பேனாவால் எழுதிவையுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கரி பாசி பிடித்து நிற்கும்போது அடுத்த முறை எப்போது என்று யோசிக்க வேண்டியிருக்காது.